திருவிழா முழுவதும் ஒரே டிஸ்க்கில்: இரட்டை அடுக்கு டிவிடி பதியும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் வீடியோ பதிந்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் டிவிடி கேட்கிறார்கள் என்று சந்தேகப்படுபவர்கள், ஆடித் திருவிழா முடிந்த வாரத்தில் வந்து பார்க்கலாம். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டன. லயத்து ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். கோயில் மட்டும் தோட்டத்திலேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் வருகிறார்கள். போகும்போது வீடியோ கேட்கிறார்கள். "அம்மா வீட்டுப் பிளேயர்ல ஓடணும், ஒரே சிடியா இருக்கணும்" என்பதுதான் நிபந்தனை. எங்கள் ஊரில் வட்டமாக இருப்பதெல்லாம் சிடிதான், அதை விடுங்கள்.

நிபந்தனையின் முதல் பாதியும் இரண்டாவது பாதியும் ஒன்றோடொன்று மோதும். ஒரே டிஸ்க்கில் அடக்க இரட்டை அடுக்கு டிவிடி வேண்டும், பழைய பிளேயர் பலவும் அதில் தடுமாறும். அதைச் சமாளிக்கும் விதத்தைத்தான் எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளுக்கும் இது உதவும்.

முதலில் கணக்கு. சாதாரண டிவிடி ஒற்றை அடுக்கு, 4.7 ஜிபி. இரண்டு மணி நேரப் படத்துக்கு அது நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் தகவல் தரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கரகம் பாலிப்பதிலிருந்து தீமிதி வரை மூன்றரை மணி நேரத்தை அதே டிஸ்க்கில் திணித்தால் 3 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பேச்சுமேடைக் காட்சி அதைத் தாங்கும். பூக்குழி தாங்காது. தணல் மினுங்குகிறது, புகை ஓடுகிறது, பின்னால் கூட்டம் அலைமோதுகிறது; படத்தில் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் மாறுவதால் திரை சதுரம் சதுரமாக உடைகிறது. யார் தீ மிதிக்கிறார் என்று முகமே தெரியாது. இரட்டை அடுக்கு டிஸ்க் 8.5 ஜிபி கொள்ளும். அதே மூன்றரை மணி நேரத்துக்கு மறுபடியும் 5 மெகாபிட்டுக்கு மேல் கிடைத்துவிடும். கணினியில் போட்டால் 7.95 என்று காட்டும். 1024-ஆல் வகுத்துச் சொல்லும் கணக்கு அது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு அடுக்கு என்றால் 9.4 அல்லவா வரவேண்டும்? அதற்கு டிஸ்க்கின் உள்ளே பார்க்க வேண்டும்.

டிவிடி பார்க்க ஒரே தட்டு போல இருந்தாலும், அது 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளைப் பசையால் ஒட்டியது. மொத்தம் 1.2 மில்லிமீட்டர். ஒற்றை அடுக்கில் தகவல் ஒரு பக்கத் தட்டில் மட்டும் இருக்கும். இரட்டை அடுக்கில் இரண்டு தட்டின் உள்பக்கத்திலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 0.055 மில்லிமீட்டர் இடைவெளி. லேசருக்கு அருகில் இருக்கும் அடுக்கு, ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி மீதியை உள்ளே விடும் மெல்லிய படலம். அதைப் பூஜ்ய அடுக்கு என்பார்கள். அதற்குப் பின்னால் இருப்பது ஒன்றாம் அடுக்கு, முழுக் கண்ணாடி மாதிரி. ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கும் வீட்டில் நின்று பாருங்கள்: கண்ணை வலையில் நிறுத்தினால் வலை தெரியும், வெளியே உள்ள மரம் மங்கும், மரத்தில் நிறுத்தினால் வலை மறைந்துவிடும். டிரைவின் லென்ஸ் செய்வதும் அதுதான். நகர்ந்து குவிவதை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். லேசர் ஒன்றேதான், 650 நானோமீட்டர் சிவப்பு.

ஒரு அடுக்கைப் படிக்கும்போது மற்ற அடுக்கின் ஒளியும் கொஞ்சம் கலந்து வரும். அந்தக் கலப்பைச் சமாளிக்க, இரட்டை அடுக்கில் தகவலைச் சொல்லும் குறிகளைச் சற்று நீளமாக வைத்தார்கள். ஒற்றை அடுக்கில் ஆகச் சிறிய குறி 0.40 மைக்ரோமீட்டர், இரட்டையில் 0.44. குறி நீண்டால் இடம் குறையும். அதனால்தான் 9.4 வராமல் 8.5-இல் நிற்கிறது.

வாசிக்கும் திசையும் தெரிந்திருக்க வேண்டும், பின்னால் பழுது பார்க்கும்போது உதவும். படம் போடும் டிஸ்க்குகளில் பூஜ்ய அடுக்கு நடுத்துளைப் பக்கத்திலிருந்து விளிம்பு நோக்கிப் போகும். விளிம்புக்கு வந்ததும் லேசர் குவியத்தை மாற்றி ஒன்றாம் அடுக்குக்குத் தாவும், அங்கிருந்து நடுத்துளை நோக்கித் திரும்பி வரும். ஆகவே படத்தின் நடுப்பகுதி எப்போதும் தரவு முடியும் வெளிப்பக்கத்தில் இருக்கும். தாவும் நேரத்தில் பிளேயரில் ஒரு கணம் படம் நிற்கலாம். கடைப் படங்களிலேயே பார்த்திருப்பீர்கள்.

சரி, கடையில் வாங்கிய படம் இரட்டை அடுக்காக இருந்தும் அம்மா வீட்டுப் பிளேயரில் ஓடுகிறது, நாம் பதிந்தது ஏன் ஓடுவதில்லை? வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கடைப் படம் ஆலையில் அச்சு வைத்து அழுத்தியது. குழிகள் பிளாஸ்டிக்கிலேயே இருக்கின்றன. 1996-இல் டிவிடி பிளேயர்கள் வந்தபோதே இரட்டை அடுக்கு தர விதியில் இருந்தது. எனவே எல்லாப் பிளேயரும் அதற்குத் தயார். நாம் பதிவது வேறு சரக்கு. சாயப் பூச்சு ஒன்றை லேசர் சுட்டு நிறம் மாற்றுகிறது. எழுதக்கூடிய இரட்டை அடுக்கு 2004-இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய பிளேயர் செய்தவர்கள் இப்படி ஒரு டிஸ்க்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஒளியும் குறைவு. ஒற்றை அடுக்கு அச்சு டிஸ்க் தன்மேல் படும் ஒளியில் 45 முதல் 85 விழுக்காடு வரை திருப்பித் தரும். இரட்டை அடுக்கு தருவது 18 முதல் 30 வரை. எழுதும் வகை அந்த வரம்பின் அடிமட்டத்தை ஒட்டியே நிற்கும். லேசர் வயதாகி மங்கிப்போன பிளேயரும், லென்ஸில் சாம்பிராணிப் புகை படிந்த பிளேயரும் இங்கேதான் தடுமாறும். சாமி மேடைக்குப் பக்கத்திலேயே டிவி வைக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. ஒரு சோதனை சொல்கிறேன்: அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கும் அதே அளவு மங்கல்தான். ஒரு பிளேயர் ஆர்டபிள்யூவைத் தயங்காமல் பாடினால் இரட்டை அடுக்கைப் பாடவும் நல்ல வாய்ப்பு உண்டு. உத்தரவாதம் இல்லை, ஆனால் காலி டிஸ்க்கை வீணாக்காமல் அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி என்னிடம் இல்லை.

டிரைவ் பக்கம் வருவோம். கணினியில் இருக்கும் டிரைவின் முகப்பில் டிஎல் அல்லது டபுள் லேயர் என்று போட்டிருந்தால் எழுதும். இல்லையென்றால் படிக்கலாம், எழுதாது. எழுதும்போது பின்னடுக்குக்குப் போகும் ஒளி முன்னடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் லேசருக்குக் கூடுதல் சக்தி தேவை. மென்பொருள் மாற்றி டிஎல் ஆக்கிவிடலாம் என்று சொல்லும் பேச்சை நம்பி எல்லா டிரைவையும் நோண்டாதீர்கள். புளூ-ரே டிரைவ்களில் டிவிடிக்கென்று தனிச் சிவப்பு லேசர் உண்டு, அவை இரட்டை அடுக்கைப் படிக்கும். யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ் வைத்திருப்பவர்கள், கூடவே வரும் இரட்டைத் தலைக் கேபிளைத் தூக்கிப் போட வேண்டாம். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். எழுதும்போது, முக்கியமாகப் பின்னடுக்கு தொடங்கும்போது, அது போதாமல் டிரைவ் மயங்கி விழும். இரண்டு தலையையும் செருகுங்கள், அதுவும் கணினியின் சொந்தத் துளையில். நீட்டிப்புப் பெட்டியில் வேண்டாம்.

டிஸ்க் வாங்கும்போது பிளஸ் ஆர் டிஎல், மைனஸ் ஆர் டிஎல் என்று இரண்டு வகை இருக்கும். நான் பிளஸ்தான் வாங்குவேன். காரணம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு டிஸ்க்கிலும் "நான் இன்ன வகை" என்று சொல்லும் ஒரு குறிப்பு உள்வட்டத்தில் இருக்கிறது. புக் டைப் என்பார்கள். பிளஸ் வகையில், டிரைவ் அனுமதித்தால், அந்தக் குறிப்பை டிவிடி ரோம் என்று எழுதிவிடலாம். பழைய பிளேயர் அதைப் படித்து, ஆலை டிஸ்க் என்று எண்ணி வாயை மூடிக்கொண்டு பாடும். மைனஸ் வகையில் அதை மாற்ற முடியாது. சில டிரைவ்கள் பிளஸ் ஆர் டிஎல் போட்டாலே தாமாகவே ரோம் என்று எழுதிவிடும். சிலவற்றில் நாம்தான் சொல்ல வேண்டும்.

உறையில் இருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் தயாரிப்புக் குறியீடுதான் முக்கியம். வெர்பாட்டிம் பிளஸ் ஆர் டிஎல் டிஸ்க்குகளில் எம்கேஎம் 001 அல்லது எம்கேஎம் 003 என்று வரும். முந்தையது 2.4 மடங்கு வேகத்துக்கு, பிந்தையது 8 மடங்குக்கு. இவற்றில் பல நம் பக்கத்துச் சிங்கப்பூரில் செய்தவை. பழைய கையிருப்பு கிடைத்தால் விடாதீர்கள். டிரைவுக்குள் ஒவ்வொரு குறியீட்டுக்கும் எவ்வளவு சக்தியில் எப்படிச் சுட வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாத டிஸ்க்கைப் போட்டால் குத்துமதிப்பாகச் சுடும். ஒற்றை அடுக்கில் குத்துமதிப்பு எப்படியோ தேறிவிடும், இரட்டை அடுக்கில் தேறாது. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் உறையில்லாமல் குழாயில் கோத்து விற்கும் டிஸ்க்குகளைப் பாட்டுப் பதிய வாங்குங்கள், திருவிழாவுக்கு வேண்டாம்.

இனி பதிவது. வீடியோவை வெறும் கோப்பாக டிஸ்க்கில் இழுத்துப் போட்டால் பழைய பிளேயர் கண்டுகொள்ளாது. டிவிடி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் போதும். தொடங்கும்போதே டிஸ்க் அளவை 8.5 ஜிபி, தொலைக்காட்சிப் படமுறையை பால் (PAL) என்று தேர்ந்தெடுங்கள். எட்டரையையும் நிரப்பாதீர்கள். 7.6 அல்லது 7.8-இல் நிறுத்துங்கள். ஏன் என்று அடுத்து வருகிறது.

அத்தியாயம் பிரிப்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. அடுக்கு மாறும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கண்ட இடத்தில் வைக்க முடியாது. முன்னடுக்கில் இருப்பது பின்னடுக்கில் இருப்பதைவிடக் குறையக்கூடாது. முன்னடுக்கு ஏறத்தாழ 4.27 ஜிபிக்கு மேல் கொள்ளவும் கொள்ளாது. போதாததற்கு, மாறும் இடம் ஓர் அத்தியாயத் தொடக்கமாக இருந்தால்தான் நல்லது. 7.6 ஜிபி, மூன்றரை மணி நேரம் என்று வையுங்கள். பாதி 3.8. ஆகவே மாறும் இடம் 3.8-க்கும் 4.27-க்கும் நடுவே விழ வேண்டும். நேரத்தில் சொன்னால் ஒன்றே முக்கால் மணியிலிருந்து ஒரு மணி 58 நிமிடம் வரை. அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்குள் எங்காவது ஓர் அத்தியாயம் தொடங்க வேண்டும். டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பிவிட்டால் இந்த இடைவெளி ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும்.

கல்யாண வீடியோவில் இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். மூன்றரை மணி நேரக் கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சி பெரும்பாலும் நடுவில்தான் வரும். ஐயர் கையைத் தூக்குகிறார், தவிலும் நாதஸ்வரமும் ஏறுகின்றன, அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளையின் விரல் முடிச்சுக்குப் போகும் நேரம் படம் நிற்கிறது, கெட்டிமேளம் அறுந்து மறுபடி தொடங்குகிறது. அரை நொடிதான். ஆனால் பெண்ணின் அம்மா அந்த அரை நொடியைத்தான் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்காட்டுவார். அதனால் நான் முதலில் அந்தப் பதின்மூன்று நிமிடத்தைப் பார்த்து, மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு இலை போடும் இடமோ, காட்சி மாறி இருட்டாகும் இடமோ தேடி அத்தியாயம் வைப்பேன். எதுவும் கிடைக்காவிட்டால் வெட்டி ஒட்டும்போதே ஒரு நொடி கறுப்புத் திரை சேர்த்துவிடுவேன். திருவிழாவில் இது சுலபம். ஊர்வலம் ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பும் இடம் போதும்.

எழுதுவதற்கு இமேஜ்பர்ன் பயன்படுத்துகிறேன். 2013-இல் வந்த 2.5.8.0 பதிப்போடு நின்றுபோன மென்பொருள், ஆனாலும் இந்த வேலைக்கு இன்றும் அதுதான். காலி டிஸ்க்கைப் போட்டதும் வலப்பக்கம் அதன் குறியீட்டைக் காட்டும், முதலில் அதைப் படியுங்கள். கீழே புத்தகப் படம் போட்ட சிறு பொத்தானில் புக் டைப்பை ரோம் ஆக்குங்கள். டிவிடி கோப்புறையைக் கொடுத்ததும், அடுக்கு மாற ஏற்ற இடங்களை நேரத்தோடு பட்டியலிடும். நீங்கள் வைத்த அத்தியாயம் அதில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அத்தியாயம் எல்லைக்கு வெளியே விழுந்திருக்கிறது என்று பொருள், திரும்பப் போய் நகர்த்துங்கள்.

வேகம் 4 மடங்கு, 001 டிஸ்க் என்றால் 2.4. முழு டிஸ்க்குக்கு 4 மடங்கில் அரை மணி நேரத்துக்குள், 2.4-இல் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். அந்த நேரத்தில் போய்ப் பசியாறிவிட்டு வரலாம். கணினியில் வேறு வேலை பார்க்க வேண்டாம். மாலையில் இடி இடிக்கும் பருவத்தில் நான் காலையிலேயே பதிந்துவிடுவேன். ஒருமுறை எழுதும் டிஸ்க், நடுவில் மின்சாரம் போனால் குப்பைக்குத்தான். முடிந்ததும் சரிபார்க்கும் தேர்வைக் கட்டாயம் வையுங்கள். எழுதும் நேரம் அளவுக்கு இன்னொரு பங்கு நேரம் எடுக்கும், பரவாயில்லை.

எழுதிய டிரைவில் ஓடுகிறது என்பது ஒரு சான்றே இல்லை. கடையில் நான் ஒரு பழைய பிளேயரை வைத்திருக்கிறேன், யாரோ வேண்டாம் என்று விட்டுப் போனது. இருப்பதில் மோசமான பிளேயர் அதுதான். அதில் போட்டு, முதல் ஐந்து நிமிடம், அடுக்கு மாறும் இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன்.

வாங்கிப் போனவர் திரும்பி வந்தால், எங்கே நிற்கிறது என்று கேட்பேன். போட்டதும் 'நோ டிஸ்க்' என்று வந்தால் புக் டைப் மாறவில்லை, அல்லது லேசருக்கு வயதாகிவிட்டது. முதல் பாதி நன்றாக ஓடி நடுவில் உறைந்தால், ரிமோட்டில் இரண்டு அத்தியாயம் தாண்டச் சொல்வேன். அங்கிருந்து ஓடினால் தாவுவதில் மட்டும்தான் சிக்கல், டிஸ்க் நல்லது. ஓடவில்லை என்றால் பின்னடுக்கே அந்தப் பிளேயருக்குத் தெரியவில்லை. வேறு பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டும். மாறும் இடத்துக்குச் சில நிமிடம் முன்பே திணறத் தொடங்கி, மாறிய பிறகும் சில நிமிடம் திணறினால் விளிம்பைப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதி வெளிவட்டத்தில் இருக்கிறது என்று சொன்னேனே. நாம் விரல் வைத்துப் பிடிக்கும் இடமும் அதுதான், சூட்டில் டிஸ்க் வளைந்தால் முதலில் தூக்கும் இடமும் அதுதான். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். இப்படி வருகிறவற்றில் பாதிக்கு மேல் இதிலேயே குணமாகிவிடும்.

காரில் இருக்கும் பிளேயருக்கு நான் இரட்டை அடுக்கு கொடுப்பதில்லை. வெயிலில் நிற்கும் காரின் சூடு ஒரு பக்கம், வண்டி குலுங்குவது ஒரு பக்கம். அதே போல, தோட்டத்திலேயே தங்கிவிட்ட பெரியவர்கள் வீட்டுக்கு, பிளேயர் எதுவென்று தெரியாவிட்டால், இரண்டு ஒற்றை அடுக்கு டிஸ்க்காகப் பிரித்துக் கொடுப்பேன், மைனஸ் ஆர் வகையில் (பிளஸ் என்று சொன்னது இரட்டை அடுக்குக்கு மட்டும்). "ஒரே சிடியா இருக்கணும்" என்று சொன்ன மகன் முகம் சுளிப்பார். பாட்டிக்கு நடுவில் ஒருமுறை எழுந்து டிஸ்க் மாற்றுவது சிரமமில்லை. ஓடாத டிஸ்க்கை வைத்துக்கொண்டு மகனுக்குத் தொலைபேசி அடிப்பதுதான் சிரமம்.

பாதுகாப்பதைப் பற்றி இரண்டே வார்த்தை. மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், டிஸ்க் சமநிலை தப்பிச் சுழலும், நம் ஊர் ஈரத்தில் ஓரம் கிளம்பி டிரைவுக்குள் சிக்கும். சிடி, டிவிடிக்கென்று விற்கும் பேனாவால் எழுதி, கெட்டியான பெட்டியில் நிற்க வைத்து வையுங்கள். சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் பயந்தது. மூலக் கோப்பை வன்தட்டிலும் ஒரு படி வைத்திருங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்கு: கடைப் படங்களில் வட்டாரக் குறி உண்டு, மலேசியா 3, இந்தியா 5. நாம் பதியும் டிஸ்க்கில் அந்தப் பூட்டு போட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பினால் அங்கும் பால் முறைதான், அப்படியே ஓடும். அமெரிக்கா, கனடா என்றால் அங்கே என்டிஎஸ்சி என்ற வேறு படமுறை. பால் டிஸ்க்கைப் பல பிளேயர்கள் ஏற்காது. கணினியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் இந்தப் பேதம் இல்லை. அவர்கள் மடிக்கணினியில் டிரைவ் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.